சேர்த்தது 2,300, கேட்டது எத்தனை?

திருமங்கலத்தில் குடியிருந்து இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காவில் வேலை பார்க்கும் 26 வயதுத் தம்பி ஒருவரின் கேள்வி இது: “தினமும் போக வர இரண்டரை மணி நேரம் பஸ். காதில் பாட்டுதான். ஆனால் புதுப் பாட்டு தேடிக்கொண்டிருக்கும்போதே மாட்டுத்தாவணி வந்துவிடுகிறது. பிடித்தது என்று இதயக்குறி போட்டு வைத்தது 2,300. அதில் முழுசாகக் கேட்டது எத்தனை என்று எனக்கே தெரியாது. பழையதையே கேட்டால் ஏதோ தவறவிடுகிற மாதிரி இருக்கிறது. புதியதாகத் தேடினால் எதுவும் மனசில் நிற்கவில்லை. நேரத்தை எப்படிப் பிரிப்பது, பாதிப் பாதியா? நல்ல ஹெட்போன் வாங்கினால் கேட்கிற ஆசை வருமா?”

தம்பி, ஹெட்போனைக் கடைசியில் பார்ப்போம். பாதிப் பாதி என்ற கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. நீங்கள் இரண்டு வேலை செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அங்கே மூன்று நடக்கிறது. தேடுவது, சேர்ப்பது, கேட்பது. உங்கள் நேரத்தைத் தின்பது நடுவில் இருக்கிற சேர்ப்புதான். பத்து விநாடி கேட்கிறீர்கள், நன்றாக இருக்கிறது, ஒரு இதயக்குறி, அடுத்தது. குறி போட்ட உடனே பாட்டு கைக்கு வந்துவிட்ட திருப்தி வந்துவிடுகிறது. கல்யாண வீட்டில் மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்காராமல் திரும்புகிறவரைப் பார்த்திருப்பீர்கள். நோட்டில் பேர் ஏறியிருக்கும், வயிறு காலியாக இருக்கும். 2,300 கல்யாணத்துக்கு மொய் எழுதியிருக்கிறீர்கள்.

இதை நான் எங்கேயும் படித்துச் சொல்லவில்லை. 1988 முதல் 1995 வரை மேலமாசி வீதிப் பக்கம் ஒரு கேசட் பதிவுக் கடையில் டெக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான். இப்போது உள்ளவர்களுக்கு அப்படி ஒரு கடை இருந்ததே தெரியாது. சுவர் முழுக்க இசைத்தட்டும் ஒரிஜினல் கேசட்டும் அடுக்கியிருக்கும். மேஜையில் நீள நோட்டு, அதில் பாட்டுக்கு எண் போட்டுப் பட்டியல். வருகிறவர் ஒரு துண்டுச் சீட்டில் தனக்கு வேண்டியதை எழுதி, காலிக் கேசட்டோடு கொடுத்துவிட்டுப் போவார். நாலு நாள் கழித்து வாங்கிக்கொள்வார். 60 நிமிடக் கேசட்தான் எல்லாரும் எடுப்பது. பக்கத்துக்கு 30 நிமிடம், ஒரு சினிமாப் பாட்டு நாலரை நிமிடம் என்று வைத்தால் பக்கத்துக்கு ஆறு, மொத்தம் பன்னிரண்டு. 90 நிமிடக் கேசட் கேட்டால் நாங்களே வேண்டாம் என்போம். நாடா மெலிசு, டேப்புக்குள் சிக்கிக்கொள்ளும். அப்புறம் நம்மிடம்தான் சண்டைக்கு வருவார்கள்.

அந்தக் கடையில் இரண்டு வாடிக்கையாளர்களை நான் மறக்கவில்லை. ஒருவர் வசதியானவர். புதுப் படப் பாட்டு வந்த வாரமே கேசட் வாங்கிவிடுவார். பதிவுக்கும் சீட்டு கொடுப்பார். ஒரு தடவை அவர் வீட்டு டேப் ரிக்கார்டரின் ஹெட்டைச் சுத்தம் பண்ணித்தர போயிருந்தேன். கண்ணாடி அலமாரி நிறைய கேசட், நூல் பிடித்த மாதிரி வரிசை. பாதிக்கு மேல் மேலே சுற்றின பிளாஸ்டிக் தாளே பிரிக்கவில்லை. ஹெட்டில் சுத்தம் பண்ண அழுக்கும் இல்லை. நாடா ஓடினால்தானே அழுக்கு சேரும்?

இன்னொருவர் பஞ்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தவர். மொத்தமே இரண்டு கேசட் வைத்திருந்தார். மாதம் பிறந்து சம்பளம் வந்ததும் அதில் ஒன்றைக் கொண்டுவருவார். “இதுல மூணாவது பாட்ட அழிச்சிட்டு இந்தப் பாட்டப் போடுங்க” என்பார். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது, செய்வது சள்ளை. நாலு நிமிடம் இருபது விநாடிப் பாட்டை அழித்த இடத்தில் ஐந்து நிமிடப் பாட்டைப் போட்டால் அடுத்த பாட்டின் தலை போய்விடும். குறைந்த நீளப் பாட்டைப் போட்டால் நடுவில் வெறும் இரைச்சல். அதனால் அவருக்காகவே பாட்டுகளின் நீளத்தை ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். அவரும் போகப்போக நீளம் பார்த்தே சீட்டு எழுதிவர ஆரம்பித்தார். ஒன்று உள்ளே வரவேண்டும் என்றால் பன்னிரண்டில் எது வெளியே போவது என்று அவர் முடிவு பண்ணியாக வேண்டும். அதற்குப் பன்னிரண்டையும் மாதம் முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். “ஏன் அண்ணே இத எடுக்கிறீங்க, நல்ல பாட்டாச்சே” என்று ஒருமுறை கேட்டேன். “நல்ல பாட்டுதான். ரெண்டாவது சரணம் மொத சரணத்த மாதிரியேதான போகுது, புதுசா ஒண்ணும் சொல்லலயே” என்றார். அவர் சொன்னது சரி. தினமும் அந்தப் பாட்டைப் பத்துத் தடவை ஓடவிட்ட எனக்கு அது அதுவரை தெரியாது.

கணக்காகவும் பார்த்துவிடுவோம். பெரிய பாட்டுச் செயலிகளில் இப்போது 10 கோடிக்கும் மேல் பாட்டுகள் இருக்கின்றன. பாட்டுக்கு 3 நிமிடம் என்று குறைத்தே போட்டாலும் 30 கோடி நிமிடம். தூங்காமல் கொள்ளாமல் கேட்டால் 570 வருடம். ஆக எல்லாவற்றையும் கேட்க முடியாது என்பது முதல் நாளே முடிந்துபோன விஷயம். நீங்கள் எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் தவறவிடுவது கிட்டத்தட்ட எல்லாமேதான். எனக்கு இந்தக் கணக்கைப் போட்ட அன்று பெரிய நிம்மதி வந்தது. உங்களுக்கும் வந்தால் நல்லது.

முன்பெல்லாம் பெட்டியே நமக்கு எல்லை போட்டது. எம்.எஸ். சுப்புலட்சுமி இதே மதுரையில் 1916இல் பிறந்தவர். பத்து வயதில் அவர் பாடி வெளிவந்தது 78 சுற்று இசைத்தட்டில்; பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான் பிடிக்கும். 1948இல் வந்த எல்.பி. தட்டு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் பிடித்தது. 1963இல் கேசட். பிறகு எம்.பி.3 குறுந்தகட்டில் ஒரே தட்டில் 150 பாட்டு. ஒவ்வொரு தடவையும் பெட்டி பெரிதானது. ஆனாலும் அது பெட்டிதான், ஒரு இடத்தில் முடியும். கையில் இருக்கிற செல்போனுக்கு முடிவு என்று ஒன்று இல்லை. அதனால் எல்லையை இனிமேல் நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்து, தேடுகிற காதும் கேட்கிற காதும் ஒன்றில்லை. இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. தேடும்போது நீங்கள் நீதிபதி. எதிரில் நிற்கிற பாட்டு உங்களிடம் மன்றாட வேண்டும், அதுவும் பத்து விநாடிக்குள். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 விநாடி ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. பாட்டுப் போடுகிறவர்களுக்கும் இது தெரியும். நீளமான முன்னிசையை வெட்டிவிட்டுக் கவர்ச்சியான வரியை முன்னால் கொண்டுவந்துவிடுகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவில்லை, வியாபாரம். ஆனால் இந்த நீதிமன்றத்தில் சில வகை இசை எப்போதுமே தோற்கும். ஒரு ராக ஆலாபனை பத்து விநாடியில் தம்பூராவோடு சேர்ந்து நிற்கத்தான் செய்யும், வேறு எதுவும் செய்யாது. நாகஸ்வரக்காரர் சீவாளியை (வாயில் வைத்து ஊதுகிற முனை) நனைத்து ஊதிப் பார்த்து முடிப்பதற்குள் நீங்கள் அடுத்த பாட்டுக்குப் போயிருப்பீர்கள்.

என் கதையையே சொல்கிறேன். சிறு வயதில் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் குழாய் ரேடியோ கட்டி, கர்நாடக சங்கீதப் பாடகர் மதுரை சோமுவின் கச்சேரி ஒலிநாடாவைப் போடுவார்கள். எனக்கு அது தண்டனை. எப்போது சினிமாப் பாட்டுப் போடுவார்கள் என்று மைக்செட்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். வருடா வருடம் அதே நாடா. நாலாவது வருடமோ ஐந்தாவது வருடமோ, அவர் ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிற மாதிரி, அதட்டுகிற மாதிரி, அழுகிற மாதிரி மாற்றி மாற்றிப் பாடுவது திடீரென்று காதில் விழுந்தது. அதுவரை எல்லாம் ஒரே சத்தம். என்னிடம் தள்ளிவிடுகிற பட்டன் இருந்திருந்தால் முதல் வருடமே சோமுவைத் தள்ளியிருப்பேன்.

இதற்கு உளவியலில் ‘மியர் எக்ஸ்போஷர்’ விளைவு என்று ஒரு பெயர் உண்டு. ராபர்ட் ஸஜோங்க் என்பவர் 1968இல் எழுதினார்: அர்த்தம் தெரியாத சொல்லானாலும் முன்பின் தெரியாத முகமானாலும், அடிக்கடி எதிர்ப்பட்டால் அதன்மேல் நமக்குப் பிடிப்பு கூடுகிறது. டேனியல் பெர்லைன் என்பவர் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். பிடிப்பு ஏறிக்கொண்டே போவதில்லை, ஓர் உச்சிக்குப் போய் இறங்கும். எளிமையான பாட்டு சீக்கிரம் உச்சிக்குப் போய்ச் சீக்கிரம் சலிக்கும். சிக்கலானது மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். ஒரு பாட்டை அலார ஒலியாக வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த இறக்கத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட வழக்கம் ஒன்றுதான்: புதிய பாட்டு எதையும் மூன்று வேறு வேறு நாளில் முழுசாகக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வதில்லை. ஒரே நாளில் மூன்று தடவை கேட்டால் அது கணக்கில் சேராது, நடுவில் ஒரு தூக்கம் வேண்டும். அப்படிக் கேட்க வேண்டும் என்றால் வாரத்துக்கு மூன்று நாலு பாட்டுக்கு மேல் யாராலும் எடுத்துக்கொள்ள முடியாது. தேடலுக்கு எவ்வளவு நேரம் என்ற உங்கள் கேள்வி இங்கேயே பாதி தீர்ந்துவிடுகிறது. வாரத்துக்கு மூன்று பாட்டு தேடுவதற்கு முக்கால் மணி நேரம் போதாதா?

சரி, இவ்வளவு பேசுகிற நான் யோக்கியனா என்றால், இல்லை. கடையை மூடிய பிறகு கம்ப்யூட்டர் வாங்கினேன். எம்.பி.3 காலம். பர்மா பஜார் தகடு, நண்பர்களின் ஹார்ட் டிஸ்க், கிடைத்ததையெல்லாம் இறக்கினேன். பத்து வருடத்தில் 11,000 பாட்டு. படம் வாரியாக, ராகம் வாரியாக, வருடம் வாரியாகக் கோப்புறை போட்டு, பெயரில் எழுத்துப் பிழை திருத்தி, அட்டைப்படம் ஒட்டி, ராத்திரி ஒரு மணி வரை இதே வேலை. வீட்டுக்காரி கேட்பாள், “பாட்டுச் சத்தமே வரல, ஆனா பாட்டு வேலைன்னு சொல்றீங்க?” ஒரு நாள் அந்த டிஸ்க் ‘டிக் டிக்’ என்று இரண்டு தடவை தட்டிவிட்டு நின்றுபோனது. பிரதி எடுத்து வைக்கவில்லை. ஒரு வாரம் துக்கம் கொண்டாடினேன். பிறகு தினசரி நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில், இழந்ததில் கட்டாயம் வேண்டியவற்றை நினைவிலிருந்து எழுத உட்கார்ந்தேன். 63இல் பேனா நின்றுவிட்டது.

அந்த 63இல் ஐம்பது, நான் கேசட் கடையில் இருந்த நாளில் கேட்டவை. கேசட்டின் மகிமை என்று உடனே சொல்லிவிடலாம், சொல்ல மாட்டேன். பதின்வயதிலும் இருபதுகளிலும் நடப்பதுதான் மனுசனுக்கு ஆழமாகப் பதியும் என்பது நினைவாற்றலை ஆராய்கிறவர்கள் பலமுறை கண்டது. எனக்கு அப்போது இருபத்துச் சொச்சம் வயது. அதற்கும் பங்கு உண்டு. ஆனால் மீதிப் பதின்மூன்றைப் பாருங்கள். பத்து வருடம், 11,000 பாட்டு, நின்றது பதின்மூன்று.

உங்களுக்கு இப்போது 26. அதனால் “புதுசெல்லாம் எதற்கு, ராஜா போதும்” என்று ஆட்டோ ஸ்டாண்டில் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். நானும் ராஜா ஆள்தான். இளையராஜாவின் ஊரான பண்ணைப்புரம் அப்போது எங்கள் மதுரை மாவட்டம். தேனி பிரிந்ததே 1996இல்தான். ஆனாலும் சொல்கிறேன், தேட வேண்டிய வயது இது. ஹாஸ்டலுக்குப் புதிதாக வந்த பையன் முதல் மாதம் சிம்மக்கல், கோரிப்பாளையம், கீழவாசல் என்று எல்லாப் பரோட்டாக் கடையிலும் ஏறி இறங்குவதுதான் புத்தி. ஊரைவிட்டுக் கிளம்புகிற கடைசி நாள் அவன் தெரிந்த கடைக்குத்தான் போவான், அதுவும் புத்தி. கையில் எவ்வளவு காலம் மிச்சம் இருக்கிறதோ அந்த அளவுக்குத் தேடலுக்கு லாபம். நான் கிட்டத்தட்ட மூட்டை கட்டுகிற பக்கம், நீங்கள் இப்போதுதான் பஸ்ஸைவிட்டு இறங்கியவர். உங்களுக்குச் சொல்வதெல்லாம், கடைக்குள் போனால் உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்பதுதான். வாசலில் நின்று வாசனை பிடித்துவிட்டு அடுத்த கடைக்கு ஓடாதீர்கள்.

இனி நேரத்தை எப்படி அடுக்குவது. பஞ்சாலைக்காரரின் கேசட்டை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். 60 நிமிடத்துக்கு ஒரே ஒரு பட்டியல், பன்னிரண்டு பாட்டு. புதியது ஒன்று உள்ளே வந்தால் பழையது ஒன்று வெளியே. நீளம் ஒத்துப்போக வேண்டிய தொல்லை உங்களுக்கு இல்லை, அந்த மட்டும் அதிர்ஷ்டசாலி. வெளியே எடுப்பதற்கு ஒரு காரணத்தை மனசுக்குள்ளாவது சொல்லிக்கொள்ளுங்கள். “சலித்துவிட்டது” என்றால் எங்கே சலித்தது, மெட்டா, குரலா, தாளமா? இந்த ஒரு பழக்கம் மூன்று மாதத்தில் உங்கள் காதை மாற்றிவிடும். எனக்கு மாற்றியது, அதுவும் ஐம்பது வயதுக்கு மேல்.

காலைப் பயணத்தைக் கச்சேரி மாதிரி அடுக்கிப் பாருங்கள். இன்றைக்கு நாம் பார்க்கிற கச்சேரி அமைப்பை நிலைநிறுத்தியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) என்று சொல்வார்கள். விறுவிறுப்பான வர்ணம் ஒன்று, பிறகு சின்னச் சின்னக் கீர்த்தனைகள், நடுவில் ஒரே ஒரு உருப்படியை எடுத்து ராகம், நிரவல் (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடுவது), சுரம், தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியம் மட்டும் வாசிப்பது) என்று முக்கால் மணி நேரமோ அதற்கு மேலோ விரிப்பது, கடைசியில் துக்கடா என்கிற சின்ன, லேசான பாட்டுகள். எவ்வளவு யோசித்துச் செய்த ஏற்பாடு பாருங்கள். எல்லா உருப்படிக்கும் சம நேரம் கொடுத்திருந்தால் முதல் ஒரு மணி நேரத்திலேயே சபை காலியாகியிருக்கும். அதே போல, பஸ் ஏறியதும் நன்றாகத் தெரிந்த துடிப்பான பாட்டு ஒன்று. சன்னல் ஓரம் கிடைக்கும் வரை எப்படியும் கவனம் நிற்காது. பிறகு, மூன்று நாள் விதியில் இருக்கிற புதுசு இரண்டு. திருப்பரங்குன்றம் தாண்டியதும் அந்த வாரத்தின் பெரிய உருப்படி. ஒரு கச்சேரிப் பதிவோ, ஒரே ராகமோ, ஒரு படத்தின் முழுப் பாட்டு வரிசையோ, ஓர் ஆளின் குரலோ, எதுவானாலும் வாரம் முழுக்க அதுவே. இறங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால் பிடித்தது எதையாவது போட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய உருப்படியோடு என்ன செய்வது என்று கேட்பீர்கள். இளையராஜாவின் பழைய பாட்டு ஒன்றை எடுங்கள். திங்களன்று சும்மா கேளுங்கள். செவ்வாயன்று பேஸ் கிடாரை மட்டும் பின்தொடருங்கள். குரல் என்ன பாடுகிறது என்றே பார்க்காதீர்கள். பாட்டுக்குக் கீழே இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டிருப்பது தெரியும். புதனன்று இரண்டாவது இடையிசையில் வயலின் கூட்டம் என்ன செய்கிறது என்று மட்டும். வியாழனன்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு மறுபடி சும்மா. நாலு நாளும் ஒரே பாட்டு, ஆனால் நீங்கள் நாலு புதுப் பாட்டு கேட்டிருப்பீர்கள். தேடுவதும் கேட்பதும் ஒன்றையொன்று தின்னாமல் இருக்கிற இடம் இதுதான் என்பது என் அனுபவம்.

பஸ்ஸில் ஓட்டுநர் பாட்டுப் போட்டால் ஹெட்போனைக் கழற்றிவிடுங்கள். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். நான் தள்ளிவிட முடியாத பாட்டு அது ஒன்றுதான். உசிலம்பட்டிப் பக்கம் போகிற பஸ்களில் நான் வாழ்க்கையில் தேடியே இருக்க மாட்டாத பாட்டுகள் கிடைத்திருக்கின்றன. சிலது காதைப் புண்ணாக்கும், அது வேறு.

தேடலுக்கு என்று வாரத்தில் ஒரு மாலை. உங்கள் செயலி திங்கள்தோறும் 30 பாட்டு எடுத்துவைக்கிறது என்றால் (ஸ்பாட்டிஃபை 2015 முதல் இதைச் செய்கிறது), திங்கள் மாலைத் திரும்புகிற பஸ்ஸில் அதைப் புரட்டுங்கள். அதிகபட்சம் மூன்று எடுங்கள், மூடிவிடுங்கள். மற்ற நாளில் அந்தப் பக்கம் போக வேண்டாம். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: உங்களைப் போன்ற காது உள்ளவர்கள் கேட்டதைத்தான் அது உங்களுக்குக் காட்டும். பிடித்ததைப் போலவே இன்னொன்று கிடைக்கும். பிடித்தது எங்கிருந்து வந்தது என்று காட்டாது.

அதற்கு நீங்கள்தான் வேர் பிடித்துப் போக வேண்டும். சோமு பிடித்தது என்றால் அவர் யாரிடம் கற்றார்? சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையிடம். அவரைத் தேடிக் கேளுங்கள். அவர் யாரிடம் கற்றார்? காஞ்சிபுரம் நாயனா பிள்ளையிடம். தாள வாத்தியங்களை வரிசையாக உட்காரவைத்துப் பாடிய ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரிக்குப் பேர்போனவர். சோமு பக்கத்தில் அத்தனை தாளக்காரர்கள் ஏன் உட்கார்ந்திருந்தார்கள் என்பது அப்போது புரியும். மதுரை மணி ஐயர் (1912–1968) பிடித்தது என்றால், அவரிடமே வளர்ந்த சகோதரி மகன் டி.வி. சங்கரநாராயணனைக் கேளுங்கள். ஒரே பாணி, இரண்டு தொண்டை. சுரம் பாடும்போது எங்கே மாமாவைப் பின்பற்றுகிறார், எங்கே தன் வழியில் போகிறார் என்று பார்ப்பதே ஒரு மாத வேலை. 1968இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் திரையில் சிவாஜி வாசிக்கிற நாகஸ்வரம், உண்மையில் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தது. அங்கிருந்து அவர்களின் தனிக் கச்சேரிக்குப் போகலாம். மோகன ராகத்துக்கு ஐந்தே சுரம்தான். அந்த ஐந்தை வைத்து நாகஸ்வரம் என்ன செய்கிறது, மணி ஐயர் என்ன செய்கிறார், சினிமாக்காரர் என்ன செய்கிறார் என்று ஒரு வாரம் அலையுங்கள். இப்படிப் போனால் தேடல் என்று தனியாக நேரம் ஒதுக்கவே தேவைப்படாத வாரங்கள் வரும்.

நேரிலும் போங்கள். நம் ஊரில் சத்குரு சங்கீத சமாஜம் இருக்கிறது, ராஜா முத்தையா மன்றத்தில் தமிழிசை விழா நடக்கிறது, மீனாட்சி கோயிலில் நவராத்திரிக்குக் கச்சேரி வைக்கிறார்கள். இரண்டு மணி நேரம் தள்ளிவிட முடியாமல் உட்காருவது நல்ல பயிற்சி. சித்திரைத் திருவிழாவில் அழகர் வருகிற வழியில் தெருவோரம் நின்று கேட்கிற மேளமும் இந்தக் கணக்கில் சேரும். பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து வந்து ஜிகர்தண்டா குடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சேர்ப்பே பாவம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவர் கணவரும் ஊர் ஊராகப் போய் நாட்டுப்புறப் பாட்டுகளைச் சேர்த்தார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் விஜயலட்சுமி, அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர்கள் சேர்த்ததை மேடையேறிப் பாடினார்கள், மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பாட்டியின் வாயோடு போயிருக்கும் பாட்டு இன்னொரு வாய்க்கு வந்தது. நீங்களும் நானும் இதயக்குறி போடாவிட்டால் எந்தப் பாட்டும் அழிந்துவிடாது, அது சர்வரில் பத்திரமாக இருக்கும்.

அந்த 2,300ஐ என்ன செய்வது? அழிக்க வேண்டாம், அழித்தால் கை நடுங்கும். பட்டியலின் பெயரை ‘பரண்’ என்று மாற்றிவிடுங்கள். பரணை யாரும் தினமும் ஏறிப் பார்ப்பதில்லை. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஏறுவோம், ஏதாவது ஒன்று கண்ணில் படும், “அட, இது இங்கேயா இருந்தது” என்று எடுத்துக்கொண்டு இறங்குவோம். அதற்கு அது போதும். ஆனால் அதை முடித்தே தீர வேண்டும் என்று முதல் பாட்டிலிருந்து வரிசையாக ஆரம்பிக்காதீர்கள். நான் ஒரு தடவை முயன்றேன். மூன்றாம் நாளே அது அலுவலகக் கோப்பு பார்க்கிற வேலையாகிவிட்டது.

ஹெட்போன். விலை கூடியது வாங்கினால் கேட்கிற ஆசை ஒரு வாரத்துக்கு வரும், அப்புறம் பழைய கதைதான். ஆனால் பஸ் விஷயத்தில் ஒரு காரியத்துக்காகக் கொஞ்சம் செலவு செய்யலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்குப்படி 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 என்றால் 4 மணி நேரம்தான். பஸ் இரைச்சலுக்கு மேலே பாட்டு கேட்க வேண்டும் என்று ஒலியைக் கூட்டிக்கொண்டே போனால் உங்கள் 4 மணி நேரம் செவ்வாய்க்கிழமை மாலையோடு முடிந்துவிடும். காதுத் துளையை அடைத்து உட்காருகிற ரப்பர் முனை வைத்ததாகப் பாருங்கள், வெளிச்சத்தம் குறைந்தால் ஒலியைக் குறைத்தே கேட்கலாம். முனைகள் மூன்று அளவில் கொடுப்பார்கள். கடைக்காரர் மாட்டிவிட்டதையே போட்டுக்கொண்டு வராமல் மூன்றையும் போட்டுப் பாருங்கள். எனக்கு வலது காதுக்கு ஒரு அளவு, இடது காதுக்கு வேறு அளவு.